எண்ணைப் பகுத்துப் பார்ப்போம்

(மம்சாபுரத்தில் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வரும் ஒரு பாடம். ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது. அதைக் கொண்டு மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் காண்பது. இதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. பள்ளிக்கூடம் போன யாரும் இந்தப் பாடத்தைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. ஆனாலும், ‘சின்ன அடுக்கை எடுப்பதா, பெரிய அடுக்கை எடுப்பதா?’ என்று பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். விதியை மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இந்தத் தடுமாற்றம். எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அது தானாக வந்து நிற்கும். இதை இன்று உங்களோடு சேர்ந்து செய்து காட்டவே வந்திருக்கிறேன்.

மில்லுக்குள் ஓர் எண்

நம் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். ராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்ப்பவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். நாற்பதாம் நம்பர் நூல், அறுபதாம் நம்பர் நூல் என்று நீங்கள் நாள்தோறும் சொல்கிறீர்கள். அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது? 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். மில்லில் ஹேங்க் என்பார்கள். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நூல் வருகிறதோ அதுதான் அந்த நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். அறுபதாம் நம்பர் என்றால் 50,400 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும்.

சரி, ஒரு நூல் எத்தனையாம் நம்பர் என்று சோதிக்க வேண்டும். அதற்காக 840 கெஜத்தையும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்றரைக் கெஜச் சுற்றளவுள்ள ரீலில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம் வரும். அதற்கு ‘லீ’ என்று பெயர். ஏழு லீ சேர்ந்தால் ஒரு சிட்டம். அந்த 120 கெஜத்தைக் கிரெய்ன் கணக்கில் நிறுத்து, 1,000-ஐ அந்த எடையால் வகுத்தால் போதும், நம்பர் வந்துவிடும். ஒரு லீ 25 கிரெய்ன் இருந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல்.

1,000 எப்படி வந்தது? ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு சிட்டத்துக்கு 7 லீ. 7,000-க்குள்ளும் ஒரு 7 இருக்கிறது, 840-க்குள்ளும் ஒரு 7 இருக்கிறது. இரண்டும் அடிபட்டுப் போக, மிஞ்சியது 1,000. இரண்டு எண்களுக்கும் பொதுவாக ஒரு காரணி இருந்ததால் சோதனைக்கூடத்தில் இருப்பவருக்கு இத்தனை சுலபமான கணக்கு கிடைத்தது. பொதுக் காரணி என்று பாடத்தில் படிப்பது, மில்லில் இப்படித்தான் வேலை செய்கிறது.

இந்த 840-ஐ இன்னும் பிரித்துப் பார்ப்போம். 840 = 2 × 2 × 2 × 3 × 5 × 7. இதற்கு மேல் பிரிக்க முடியாது. 2, 3, 5, 7 எல்லாமே பகா எண்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண்தான் பகா எண் என்பது தம்பி தங்கைகளுக்குத் தெரியும். காரணிச் செடி போட்டு வகுப்பில் பழகியிருப்பீர்கள்.

அந்தச் செடியில் ஓர் அதிசயம் இருக்கிறது. உங்களில் ஒருவர் 840-ஐ 28 × 30 என்று தொடங்கலாம். இன்னொருவர் 24 × 35 என்று தொடங்கலாம். மூன்றாமவர் 20 × 42 என்று போகலாம். எந்தக் கிளையில் ஏறினாலும் கடைசியில் கையில் கிடைப்பது மூன்று 2, ஒரு 3, ஒரு 5, ஒரு 7. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இதைத்தான் எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் என்கிறோம். இதற்கு வேண்டிய முக்கியமான படியை கி.மு. 300 அளவில் யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பாகத்தில் நிறுவிவிட்டார்: ஒரு பெருக்குத் தொகையை ஒரு பகா எண் வகுத்தால், பெருக்கிய எண்களில் ஏதாவது ஒன்றையாவது அது வகுத்தே தீரும். தேற்றத்தை முழுமையாகச் சொல்லி நிறுவியவர் ஜெர்மனியின் காஸ், ஆண்டு 1801.

பால்கோவா என்ற பெயரைத் தெரிந்து வைத்திருப்பது வேறு. அதில் இருப்பது பாலும் சர்க்கரையும் என்று தெரிந்து வைத்திருப்பது வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 840 என்பது பெயர். 2³ × 3 × 5 × 7 என்பது அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு.

சின்ன அடுக்கா, பெரிய அடுக்கா?

ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஒரு துணி 84 மீட்டர், இன்னொன்று 120 மீட்டர். இரண்டையும் ஒரே நீளமுள்ள துண்டுகளாக வெட்டிச் சுருட்ட வேண்டும். துணி மிச்சம் விழக் கூடாது. ஒரு சுருள் எவ்வளவு நீளம்வரை போகலாம்?

பிரித்து எழுதுங்கள்.

84 = 2² × 3 × 7
120 = 2³ × 3 × 5

விதி எதையும் நினைக்காமல் யோசியுங்கள். சுருளின் நீளம் 84-ஐயும் மீதியின்றி வகுக்க வேண்டும், 120-ஐயும் வகுக்க வேண்டும். அதனால் சுருளின் நீளத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பகா எண்ணும் இரண்டு துணிக்குள்ளும் இருந்தாக வேண்டும். 7 இருக்க முடியுமா? 120-க்குள் 7 இல்லை. 5 இருக்க முடியுமா? 84-க்குள் இல்லை. 3 இருக்கலாம், இரண்டிலும் ஒன்று இருக்கிறது. 2 எத்தனை? 120-இல் மூன்று இருந்தாலும் 84-இல் இரண்டுதான் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கு மேல் எடுக்க வழியில்லை. விடை 2² × 3 = 12 மீட்டர். முதல் துணியில் 7 சுருள், இரண்டாவதில் 10 சுருள்.

‘மீப்பெரு பொதுக் காரணிக்குச் சின்ன அடுக்கை எடு’ என்ற விதி இப்போது எங்கே வந்தது பார்த்தீர்களா? குறைவாக வைத்திருப்பவரிடம் இருக்கும் அளவுக்குத்தான் இருவருக்கும் பொதுவாக இருக்க முடியும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இனி மறுபக்கம். 84-ஆலும் 120-ஆலும் மீதியின்றி வகுபடக்கூடிய எண்களில் சிறியது எது? இப்போது நிலைமை தலைகீழ். அந்த எண்ணுக்குள் 84 முழுதாக அடங்க வேண்டும், 120-உம் முழுதாக அடங்க வேண்டும். 120-ஐ அடக்க மூன்று 2 வேண்டும். மூன்று இருந்தால் 84-க்கு வேண்டிய இரண்டும் அதிலேயே அடக்கம். ஒரு 3 வேண்டும். 120-க்காக ஒரு 5 வேண்டும். 84-க்காக ஒரு 7 வேண்டும். ஆக 2³ × 3 × 5 × 7. பெருக்கிப் பாருங்கள்: 840! மில்லில் பார்த்த சிட்டத்தின் நீளம், பேண்டேஜ் கணக்கில் மீச்சிறு பொது மடங்காக வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 12-ஐயும் 840-ஐயும் பெருக்கினால் 10,080. 84-ஐயும் 120-ஐயும் பெருக்கினாலும் 10,080. ஒவ்வொரு பகா எண்ணிலும் சின்ன அடுக்கு ஒரு பக்கம் போயிற்று, பெரிய அடுக்கு மறுபக்கம் போயிற்று, எதுவும் தொலையவில்லை. ஆகவே பெருக்குத் தொகை மாறாது. புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் சூத்திரம் இதுதான். ஒன்றை மனதில் வையுங்கள்: இது இரண்டு எண்களுக்குத்தான் இப்படிச் செல்லும். மூன்று எண்களை எடுத்தால் நடுவில் இருக்கும் அடுக்கு இரண்டு பக்கமும் சேராமல் நின்றுவிடும். சூத்திரத்தை மட்டும் படித்தவர் மூன்று எண்ணுக்கும் அதையே போடுவார். உள்ளே பார்த்தவர் போடமாட்டார்.

பெரியவர்களுக்குப் பழக்கமான எண் ஒன்று சொல்கிறேன். பிரபவ முதல் அட்சய வரை நம் ஆண்டுகள் 60. வியாழன் ராசிமண்டலத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டு. 12 = 2² × 3; 30 = 2 × 3 × 5. மீச்சிறு பொது மடங்கு 2² × 3 × 5 = 60. ஒருவர் பிறந்தபோது வியாழனும் சனியும் நின்ற இடத்துக்கு ஏறக்குறைய அவை இரண்டும் திரும்பச் சேரும்போது மணிவிழா நடக்கிறது.

மாவும் காணியும்

பின்னங்களைக் கூட்டும்போதுதான் இந்தப் பாடத்தின் அருமை தெரியும். 5/84-ஐயும் 7/120-ஐயும் கூட்ட வேண்டும். கீழே இருப்பவற்றை அப்படியே பெருக்கினால் பகுதி 10,080 ஆகிவிடும். பிறகு சுருக்கச் சுருக்கக் கை வலிக்கும். 840-ஐப் பகுதியாக வைத்தால் 50-உம் 49-உம் சேர்ந்து 99/840, சுருக்கினால் 33/280. இந்த வழியைக் கி.பி. 850 அளவில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர் ‘கணிதசாரசங்கிரகம்’ என்ற நூலில் முறையாகத் தந்திருக்கிறார். அந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியா ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் பதிப்பித்தார்.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைகள் வாயில் பின்னங்கள்தான் அதிகம் புழங்கின. மாகாணி என்றால் 1/16. மா என்றால் 1/20. இந்த இரண்டையும் ஒரே அளவால் அளக்க வேண்டும் என்றால் எந்த அளவு வேண்டும்? 16 = 2⁴; 20 = 2² × 5. மீச்சிறு பொது மடங்கு 2⁴ × 5 = 80. எண்பதில் ஒன்றுக்குத் தமிழில் பெயர் உண்டு: காணி. நாலு காணி ஒரு மா. ஐந்து காணி ஒரு மாகாணி. மாவோடு காணியைச் சேர்த்தால் மாகாணி, கணக்கு கச்சிதம். காணியில் கால்பங்கு முந்திரி, 1/320. அந்த 320 = 2⁶ × 5.

320-க்குள் 2-உம் 5-உம் மட்டுமே இருக்கின்றன. 3 இல்லை. ஆகவே முந்திரியை எத்தனை அடுக்கினாலும் சரியாக மூன்றில் ஒரு பங்கு வராது. முந்திரியை மறுபடி 320 பங்காக்கியது கீழ்முந்திரி, 1/1,02,400. இதிலும் 3 வரவில்லை. அடுத்து வரும் அளவைப் பாருங்கள். இம்மி: கீழ்முந்திரியில் 21-இல் ஒரு பங்கு, 1/21,50,400. 21 = 3 × 7. இதுவரை இல்லாதிருந்த 3-உம் 7-உம் ஒரே படியில் உள்ளே வந்துவிட்டன. இப்போது கீழ்முந்திரியில் மூன்றில் ஒன்று வேண்டுமா? 7 இம்மி. ஏழில் ஒன்று வேண்டுமா? 3 இம்மி. அதற்குக் கீழே இம்மியைப் பதினொன்றாகப் பங்கிட்டது மும்மி. இப்போது 11-உம் வந்தாயிற்று. ‘இம்மியளவு’ என்று நாம் பேச்சில் சொல்லும் அளவுக்குப் பின்னால், பகா எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும் இப்படி ஒரு வரிசை நிற்கிறது. நம் வரலாற்றைப் பெருமையாகப் பேசும் மேடைகளில் இந்தக் கணக்கும் ஏற வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பொதுக் காரணி இல்லாமல் இருப்பதன் பயன்

இதுவரை பொதுக் காரணி இருப்பதன் நன்மையைச் சொன்னேன். இல்லாமல் இருப்பதும் சில இடங்களில் பெரிய நன்மை. மறுபடி மில்லுக்குள் வாருங்கள். ஒரு மெஷினில் 24 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தோடு பின்னிச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீச்சிறு பொது மடங்கு 72. அதாவது சின்னச் சக்கரம் மூன்று சுற்று, பெரிய சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியதும் பழைய பற்களே திரும்பச் சந்திக்கும். மீப்பெரு பொதுக் காரணி 12. 36-ஐ 12-ஆல் வகுத்தால் 3. சின்னச் சக்கரத்தின் ஒரு பல், எதிரே இருக்கும் 36 பற்களில் மூன்றை மட்டுமே ஆயுள் முழுக்க இடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பல்லில் ஒரு பிசிறு இருந்தால் அந்த மூன்று பற்கள் முதலில் தேயும்.

36-க்குப் பதில் 37 பல் வைத்தால்? 37 பகா எண். 24-க்கும் அதற்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இப்படிப்பட்ட ஜோடியைச் சார்பகா எண்கள் என்கிறோம். மீச்சிறு பொது மடங்கு 24 × 37 = 888. இப்போது சின்னச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் எதிரே உள்ள 37 பற்களையும் முறைவைத்துச் சந்தித்த பிறகுதான் பழைய இடத்துக்கு வரும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் சமமாகப் பரவும். பல்சக்கரம் வடிவமைக்கும் பொறியாளர்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

சார்பகா எண்களின் இந்தக் குணத்தை நம் முன்னோரும் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆரியபடீயத்துக்கு 629-இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் அதில் ஒரு கணக்குக் கொடுக்கிறார்: 8-ஆல் வகுத்தால் மீதி 5, 9-ஆல் வகுத்தால் மீதி 4, 7-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண் எது? விடை 85. 8, 9, 7 மூன்றிலும் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லாததால் மீச்சிறு பொது மடங்கு 504. ஆகவே அடுத்த விடை 85 + 504 = 589. அதற்கடுத்தது 1,093. மீச்சிறு பொது மடங்கு என்பது, ஒரு நிலைமை எத்தனை அடி தள்ளி அப்படியே திரும்ப வரும் என்று சொல்லும் எண். இதை நினைவில் வையுங்கள். கடைசியில் இது வேண்டியிருக்கும்.

எண் மிகப் பெரிதாக இருந்தால் பகாக் காரணி காண்பது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2,184, 2,197 இரண்டுக்கும் பொதுக் காரணி என்ன? பிரிக்காமலே காணலாம். கழித்தால் 13. 2,184-ஐ 13-ஆல் வகுத்தால் சரியாக 168. எனவே மீப்பெரு பொதுக் காரணி 13. இது யூக்ளிட் காட்டிய வகுத்தல் வழி. நூறு இலக்க எண்ணானாலும் கணினி இதை நொடியில் முடித்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான இலக்கமுள்ள எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கணினிக்கும் மலைதான். அந்தக் கடினத்தை நம்பி 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்த ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறியீட்டு முறை, இணையத்தில் தகவலைப் பாதுகாக்கப் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. அந்த வகையில் 250 இலக்கமுள்ள ஓர் எண்ணை 2020-இல்தான், பெரும் கணினி உழைப்பைச் செலவிட்டுப் பிரித்தார்கள்.

கும்பகோணத்தில் ஒருவர், வல்லத்தில் ஒருவர்

840-க்குத் திரும்புவோம். இந்த எண்ணுக்கு மொத்தம் 32 காரணிகள். 1 முதல் 839 வரை எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு 32 காரணிகள் கிடையாது. தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விடக் கூடுதல் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை இதைப் பற்றியதுதான். லீயின் 120 அந்த வரிசையில் இருக்கிறது. சிட்டத்தின் 840-உம் இருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2-இன் அடுக்கைவிட 3-இன் அடுக்கு கூடாது, 3-இன் அடுக்கைவிட 5-இன் அடுக்கு கூடாது, இப்படியே போகும் என்று அவர் காட்டினார். அந்த ஆய்வுக்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916-இல் அவருக்குப் பட்டம் தந்தது.

ராமானுஜனை உலகம் அறியும். நமக்கு இன்னும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. ராஜபாளையத்திலிருந்து சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று தெற்கே போனால் குற்றாலத்துக்கு அருகே வல்லம் என்ற ஊர். அங்கே 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தவர் சு.சி. பிள்ளை, முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. செங்கோட்டைப் பள்ளியில் படித்தார். படிப்பு நின்றுபோகும் நிலை வந்தபோது ஓர் ஆசிரியர் கைகொடுத்தார். திருவனந்தபுரத்தில் பட்டம், சென்னையில் ஆராய்ச்சி, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. முழு எண்களை அடுக்குகளின் கூட்டலாக எழுதும் வாரிங் கணக்கில் 1935, 36-இல் அவர் கண்ட முடிவுகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் நான் இன்று சொல்லப்போவது மீப்பெரு பொதுக் காரணியைக் கொண்டு அவர் செய்த இரண்டு வேலைகளை.

முதல் வேலை. 6 என்ற எண்ணை எடுங்கள். 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் 6-க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணியை எழுதுங்கள்: 1, 2, 3, 2, 1, 6. கூட்டினால் 15. இப்படி எல்லா எண்ணுக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. 1933-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் பிள்ளை இதை ஆராய்ந்தார். இன்று உலகம் முழுவதும் இதைப் பிள்ளைச் சார்பு என்றே அழைக்கிறார்கள். இதையே 840-க்குச் செய்யச் சொன்னால்? 840 முறை பொதுக் காரணி கண்டு கூட்ட வேண்டும். பகாக் காரணிகளைப் பார்த்தவருக்கு அந்த வேலை இல்லை. 840 = 8 × 3 × 5 × 7. எட்டுக்குக் கூட்டுத்தொகை 20. மூன்றுக்கு 5. ஐந்துக்கு 9. ஏழுக்கு 13. நான்கையும் பெருக்குங்கள்: 11,700. இதுதான் விடை. வீட்டுக்குப் போய் 8-க்கு 20 வருகிறதா என்று மட்டும் கூட்டிப் பாருங்கள். மற்றவை தாமாகப் புரியும்.

இரண்டாவது வேலை இன்னும் அழகானது. அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுங்கள், உதாரணமாக 8, 9, 10, 11, 12. இதில் 11-க்கு மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லை. எந்த இடத்தில் எடுத்தாலும் இப்படி ஒரு தனி ஆள் இருப்பாரா? பதினாறு எண்கள்வரை எடுத்தால் கட்டாயம் இருப்பார் என்று பிள்ளை நிறுவினார். பதினேழு எடுத்தால் அந்த உறுதி போய்விடும் என்றும் காட்டினார். 1940-இல் தொடங்கி அவர் எழுதிய கட்டுரை வரிசை இதைப் பற்றியது. 17 முதல் 430 வரையான நீளங்களுக்கு அந்த உறுதி இல்லை என்பதை அவரே காட்டினார். 17-க்கு மேல் எல்லா நீளத்துக்கும் இது பொருந்தும் என்பதை ஆல்பிரட் பிரவர் நிறுவினார்.

உதாரணத்தை நாமே சரிபார்க்கலாம்: 2,184 முதல் 2,200 வரை பதினேழு எண்கள். இரட்டை எண்களுக்கெல்லாம் 2 பொது, அவற்றை விடுங்கள். ஒற்றை எண்கள் எட்டு. 2,187, 2,193, 2,199 மூன்றிலும் 3 இருக்கிறது. 2,185, 2,195 இரண்டிலும் 5 இருக்கிறது. 2,191-இல் 7 இருக்கிறது. 2,184-இலும் 2,198-இலும் அந்த 7 இருக்கிறது. 2,189 = 11 × 199; 2,200-இல் 11 இருக்கிறது. மிஞ்சியது 2,197, அது 13 × 13 × 13. 2,184-இல் 13 இருப்பதைச் சற்று முன்புதான் பார்த்தோம். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஓர் உறவு கிடைத்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை சரிபார்க்கக் கூடிய இந்த உண்மையைக் கண்டு சொல்ல ஒரு பெரிய மேதை வேண்டியிருந்தது.

1950-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கு அவர் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் நாள் கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 49. வல்லத்திலிருந்து அவ்வளவு தூரம் வளர்ந்தவரை நம் மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு நாம் அறிமுகம் செய்துவைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். சின்ன அடுக்கு, பெரிய அடுக்கு என்ற விதியைக் கரும்பலகையில் முதலில் எழுதிவிடாதீர்கள். 84-ஐயும் 120-ஐயும் பிரித்து எழுதிவிட்டு, ‘இரண்டுக்கும் பொதுவாக எதை எடுக்கலாம்? இரண்டும் அடங்க எது வேண்டும்?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். விதியைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஒரு பாடவேளை கூடுதலாகப் போகும், போகட்டும். பின்னம் வரும்போதும், இயற்கணிதத்தில் காரணிப்படுத்தும்போதும் அந்த ஒரு வேளை பல மடங்காகத் திரும்பக் கிடைக்கும்.

பெற்றோர்களே, பிள்ளை கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘இது ஏன் இப்படி வந்தது?’ என்றும் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மில்லில் நூலின் நம்பர் பார்க்கத் தெரிந்தவர், தறியில் இழை எண்ணத் தெரிந்தவர், நிலத்தைப் பங்கிடத் தெரிந்தவர் எல்லோரும் எண்ணோடு வாழ்பவர்களே. பிள்ளையின் புத்தகத்தில் இருப்பதும் உங்கள் கையில் இருக்கும் அந்தக் கணக்குதான் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பயம் போய்விடும்.

முன்வரிசைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தந்துவிட்டு முடிக்கிறேன். 2,184-இல் தொடங்கும் அந்தப் பதினேழு எண்களைப் போல, பதினேழு பேரும் ஏதோ ஓர் உறவோடு நிற்கும் இன்னொரு கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள். தேடி அலைய வேண்டாம். அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கட்டியது ஆறு பகா எண்கள்தான்: 2, 3, 5, 7, 11, 13. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு என்ன? பாஸ்கரரின் 85, எப்படி 589 ஆயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் அப்படி இன்னொரு கூட்டம் எங்கே தொடங்குகிறது என்று ஒரே கூட்டலில் சொல்லிவிடலாம். அத்தோடு, இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு முடிவே இல்லை என்பதையும் நீங்களே நிறுவியிருப்பீர்கள். கண்டுபிடித்தவர்கள் விடையை நாளை வகுப்பில் எழுதிப் போட்டு, காரணத்தையும் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.